வலது பக்கத்து இருக்கை

மாதக் கடைசியில் ஒருநாள் விமானிகளின் கைபேசிக்கு அடுத்த மாத ரோஸ்டர் வரும். எந்த நாள் எந்த ஊருக்குப் பறக்க வேண்டும், எங்கே இரவு தங்க வேண்டும், எப்போது ஓய்வு என்கிற அட்டவணை அது. பெருநாளுக்கோ பொங்கலுக்கோ விடுப்பு கிடைத்ததா என்றுதான் முதலில் பார்ப்பார்கள் என வெளியாட்கள் நினைப்பதுண்டு. உண்மையில் கண் முதலில் தேடுவது பக்கத்தில் இருக்கும் பெயரை. யாரோடு?

காரணம் எளிது. விமானிகள் உட்காரும் அறை ஓர் ஆட்டோவின் உட்புறத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. கதவு உள்பக்கம் பூட்டியிருக்கும். இடப்பக்கம் கேப்டன், வலப்பக்கம் துணை விமானி. அலுவலகத்தில் பிடிக்காதவர் வந்தால் டீ குடிக்க எழுந்து போய்விடலாம். முப்பதாயிரம் அடிக்கு மேலே எங்கே போவது?

ஷாஹினா துணை விமானி. சென்னையிலிருந்து பறப்பவள், ஓய்வு நாட்களில் திண்டுக்கல்லில் முஸ்லிம்கள் நிறைந்த பேகம்பூரில் இருக்கும் வீட்டுக்கு வந்துவிடுவாள். அன்று ரோஸ்டரைத் திறந்ததும் அவள் முகம் மாறியதை, மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த கணவன் ஃபாரிஸ் பார்த்துவிட்டான். அவன் பக்கத்துத் தெருவில் தோல் மண்டி வைத்திருக்கிறான்.

"என்ன புள்ள, மூஞ்சி சுண்டிப் போச்சு? பெருநாளைக்கு லீவு இல்லையா?"

"லீவு இருக்கு மச்சான். அந்தாளும் இருக்காரு. ரெண்டு நாளு. பெங்களூரு போயி மதுரை, மறுநாள் சாயங்காலம் மதுரையிலேருந்து திரும்ப."

"யாரு, உம்மணாமூஞ்சி கேப்டனா?"

"அவரேதான்."

"மேலுக்கு முடியலன்னு லீவைப் போட்டுரு."

"போடலாம். ஆனா நான் போகலைன்னா அந்த சீட்டு சும்மா பறக்காது. கூப்புட்டா வாரதுக்குன்னு ஒருத்தர வீட்டுல ரெடியா வச்சிருப்பாங்க. போன தடவ நான் அப்படிப் போட்டப்ப தமிழ்மதிதான் போயி மாட்டுனா. வந்து என்கிட்ட ஒரு பாட்டம் அழுது தீத்தா."

"அப்ப யாருகிட்டயாச்சும் மாத்திக்க."

"அவர் பேரப் பாத்தா எவன் மாத்துவான்? தீவாளி டூட்டி வேணும்னா எடுத்துக்குறேங்குறாங்க, இது வேணாங்குறாங்க."

இன்னொரு வழியும் இருந்தது. 'இவரோடு என்னைச் சேர்க்க வேண்டாம்' என்று எழுதிக் கொடுக்கலாம். ஆனால் காரணம் சொல்ல வேண்டும். சம்பந்தப்பட்டவரையும் கூப்பிட்டுக் கேட்பார்கள். ஷாஹினாவுக்கு அது இப்போது முடியாது. இன்னும் இரண்டு மாதத்தில் கேப்டன் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள். அவளோடு பறந்த கேப்டன்கள் சிலரிடம், 'இவளை இடது இருக்கையில் உட்கார வைக்கலாமா?' என்று கேட்பார்கள். அந்தச் சிலரில் கேப்டன் சிவபிரகாஷும் ஒருவர்.

சிவபிரகாஷுக்குச் சொந்த ஊர் ரெட்டியார்சத்திரம். குடும்பம் இன்றும் அங்கே தோட்டத்து வீட்டில் இருக்கிறது. பறப்பதில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் பயிற்சி கேப்டனாக உயர்ந்த பிறகு தலைக்கனம் ஏறிவிட்டது என்று துணை விமானிகள் சொன்னார்கள். அவரோடு போனால் பயணம் முழுக்க ஹெட்செட்டைக் கழற்றக் கூடாது. மேலே போய் விமானம் நேராகப் பறக்கத் தொடங்கியதும் எல்லோரும் அதைக் கழற்றிவிட்டுக் காதைத் தேய்த்துக்கொள்வார்கள், இவர் விடமாட்டார். இன்டர்காமை எந்நேரமும் திறந்தே வைக்க வேண்டும். மீறி ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுப் பேசினால் பதில் வராது. திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

தீபாவளி முடிந்த வாரத்தில் ஷாஹினா முதல்முறை அவரோடு பறந்தாள். ஒரே ஊர்க்காரர் என்ற சந்தோஷத்தில், ஹெட்செட்டைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, "சார், நானும் திண்டுக்கல்தான். பேகம்பூரு" என்றாள். அவர் முன்னால் இருந்த மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை வீட்டில் சொன்னபோது ஃபாரிஸ், "பேகம்பூருன்னு சொல்லிருக்கக் கூடாது. திண்டுக்கல்லோட நிறுத்தியிருக்கணும்" என்றான். வேடிக்கையாகச் சொன்னானா, நிஜமாகவா என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அது உள்ளே தங்கிவிட்டது.

விசித்திரம் என்னவென்றால், அவரிடம் கேப்டன் பயிற்சி எடுத்தவர்கள் அத்தனை பேரும் அவரைத் தங்கமான மனிதர் என்றார்கள். சிரிக்கச் சிரிக்கப் பேசுவாராம். மேலே போக வேண்டியவர்களிடம் ஒரு முகம், கீழே இருப்பவர்களிடம் ஒரு முகம் என்று ஷாஹினா எண்ணிக்கொண்டாள்.

"அப்ப என்னதான் பண்ணுவ?" என்றான் ஃபாரிஸ்.

"புத்தகத்துல இருக்குறத மட்டும் பேசுவேன்."

விமானிகள் பிடிக்காதவரோடு பறக்க நேர்ந்தால் கடைசியில் எல்லோரும் போய்ச் சேரும் இடம் இதுதான். ரோஸ்டர் போடும் கணினிக்கு ஓய்வு நேரச் சட்டம் தெரியும், யாருக்கு எந்த விமானம் ஓட்டத் தகுதி என்று தெரியும். யாருக்கும் யாருக்கும் ஆகாது என்பது தெரியாது. பெரிய நிறுவனத்தில் இருவர் அன்று காலைதான் முதல்முறை சந்திப்பார்கள், மதியம் முந்நூறு மைல் தள்ளி இறங்கியிருப்பார்கள். அப்படி அறிமுகமே இல்லாத இருவர் தவறில்லாமல் வேலை செய்வதற்காகவே ஒவ்வொரு செயலுக்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். சக்கரத்தை இறக்கச் சொல்ல ஒரே வாக்கியம்தான். அதற்குப் பதிலும் ஒன்றுதான். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் கண்காணித்து வாய்விட்டுச் சொல்வார், ஓட்டுகிறவர் கேட்டேன் என்பதற்கு அடையாளமாக மறுமொழி சொல்வார். இந்தப் பேச்சுக்கு நட்பு தேவையில்லை. பகையாளிகளாலும் பேச முடியும். அவ்வளவு நன்றாகச் செய்யப்பட்ட ஏற்பாடு.

அதில் இன்னொரு விதியும் உண்டு. ஓட்டுகிறவரிடம் ஒன்றைச் சொல்லி, பதில் வராவிட்டால் மறுபடி சொல்ல வேண்டும். இரண்டாம் முறையும் பதில் இல்லையென்றால் அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று வைத்துக்கொண்டு விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். மயங்கி விழுகிறவர்கள் எல்லோரும் சரிந்து விழுவதில்லை. கண் திறந்தபடி உட்கார்ந்த இடத்திலேயே நினைவு போனவர்கள் உண்டு. அதற்காக வைத்த விதி. பயிற்சியில் அன்றி நிஜத்தில் ஷாஹினா அதைச் செய்ததில்லை.

பெங்களூரிலிருந்து மதுரைக்கு வந்த அந்தப் பிற்பகலில் சிவபிரகாஷ் ஓட்டினார். ஷாஹினா கண்காணித்தாள். ஹெட்செட் தலையில், இன்டர்காம் திறந்தபடி, புத்தகத்தில் இருந்த வார்த்தைகள் மட்டும். கரூர் தாண்டி இறங்கத் தொடங்கினார்கள். திண்டுக்கல் மலைக்கோட்டை ஒரு கவிழ்த்த சட்டி போலக் கீழே நகர்ந்தது. இடப்பக்கம் சிறுமலை, வலப்பக்கம் கொடைக்கானல் மலை, நடுவில் தென்னந்தோப்பும் காய்கறித் தோட்டமுமாகச் சமவெளி.

மதுரை கட்டுப்பாட்டு அறை கூப்பிட்டது. ஷாஹினா பதில் சொன்னாள். அவள் பக்கத்தில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கிறது. மேலே தூக்கி வைத்தால் இன்டர்காம். பேசுவது கேப்டனின் காதுக்குப் போகும். கீழே அழுத்தினால் ரேடியோ. பேசுவது தரைக்குப் போகும். கீழே அழுத்திய விரலை எடுத்ததும் அது தானாக நடுவுக்கு வந்து நின்றுவிடும், மேலே போகாது. நடுவில் நின்றால் பேச்சு எங்கேயும் போவதில்லை. பதில் சொன்ன பிறகு அதை மறுபடி மேலே தூக்க வேண்டும். மற்ற கேப்டன்களோடு பறக்கும்போது யாரும் அதை அவ்வளவு கண்டுகொள்வதில்லை. ஹெட்செட்டின் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து தள்ளிவிட்டு நேராகவே பேசிக்கொள்வார்கள். பழக்கத்தில் அவள் சுவிட்சை அப்படியே விட்டுவிட்டாள்.

அப்போதுதான் பறவைகளைப் பார்த்தாள். ஆத்தூர் அணைக்குத் தெற்கே, வலப்பக்கம் சற்று முன்னால், வெள்ளையாக ஒரு கூட்டம் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. கூழைக்கடாக்கள். வெயிலில் காய்ந்த நிலத்திலிருந்து சூடான காற்று தூண் போல மேலே எழும்பும். இந்தப் பெரிய பறவைகள் சிறகடிக்காமல் அந்தத் தூணுக்குள் சுற்றிச் சுற்றியே ஆயிரக்கணக்கான அடி ஏறிவிடும். ஒவ்வொன்றும் ஒரு கைக்குழந்தையைவிடக் கனம். விமானம் நேராக அந்தத் தூணை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கேப்டனின் பார்வைக்குக் கண்ணாடிச் சட்டம் அவற்றை மறைத்திருக்க வேண்டும்.

"சார், பறவை. வலது முன்னால."

பதில் இல்லை. அவர் கீழே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்! நேரா பறவைக் கூட்டம்!" கத்தினாள்.

கண் திறந்திருந்தது. கை விமானத்தைத் திருப்பும் விசைமேல் இருந்தது. தலை திரும்பவில்லை. வெண்மை இப்போது தனித்தனி இறக்கைகளாகப் பிரிந்து தெரிந்தது.

"ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்று சொல்லித் தன் பக்கத்து விசையைப் பிடித்து, அதன் பொத்தானை அழுத்தி, இடப்பக்கம் சாய்த்தாள். அப்படி அழுத்தினால் மற்றவரின் விசை செத்துவிடும். அவர் முன்னால் ஒரு சிவப்பு அம்பு எரியும், எந்தப் பக்கத்துக்கு உரிமை போயிருக்கிறது என்று இயந்திரமே சொல்லும். இயந்திரத்தின் குரல் கேட்டுத்தான் சிவபிரகாஷ் திடுக்கிட்டு நிமிர்ந்தார். கடைசிப் பறவை வலது ஜன்னலுக்கு வெளியே, அதன் அலகுப் பை தெரியும் அளவுக்கு அருகில் கடந்து போனது.

அவர் ஹெட்செட்டில் கேட்டார்: "ஏம்மா, முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"ரெண்டு தடவ சொன்னேன் சார்."

அதற்கும் பதில் இல்லை. விமானத்தை வாங்கிக்கொண்டு அழகாக இறக்கினார். நிறுத்திய பிறகு விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கும்போதுதான், தன் சுவிட்ச் நடுவில் நிற்பதை ஷாஹினா பார்த்தாள். கண்ட்ரோலைப் பிடுங்கினால் ஒரு நாளைக்குள் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. சொல்லாவிட்டாலும் விமானத்தின் பதிவுக் கருவி அந்தத் திடீர்த் திருப்பத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். 'இவள் சுவிட்சை மறந்துவிட்டுப் பதற்றத்தில் விமானத்தைப் பிடுங்கினாள்' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இடது இருக்கை போய்விடும்.

மதுரையில் இரவு தங்கும் விமானிகளுக்கு ஹோட்டல் உண்டு. உள்ளூர்க்காரர்கள் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். வெளியே வந்ததும் வீட்டுக்குப் போகவர அங்கேயே விட்டிருந்த தன் காரைச் சிவபிரகாஷ் காட்டினார். "நானும் அந்தப் பக்கந்தானே. ஏறும்மா. பேசிக்கிட்டே போவோம்."

அவர் பேசிக்கொண்டே போவோம் என்றதே அவளுக்கு மிரட்டல் போலத்தான் கேட்டது. ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தாள். தனக்குத்தானே சொல்வதுபோல, "ஏசி ரொம்ப இருக்கே" என்று முணுமுணுத்தாள்.

"குறைச்சிருவோம்" என்று அவர் குறைத்தார். "எதுத்தாப்புல பாரு, இவனுக்கு லைசென்சு குடுத்தவனத் தேடிக்கிட்டிருக்கேன். இன்டிகேட்டரு இடது, கை வலது, போறது நேரா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாடிப்பட்டி தாண்டுவதற்குள் அவர் மூன்று கதை சொல்லியிருந்தார். தக்காளி விலை விழுந்த வருஷம், முதல்முறை விமானம் ஓட்டிவிட்டு வந்து வீட்டு வாசலில் டிராக்டரைச் சுவரில் மோதியது, மனைவி புவனேஸ்வரி அதை இன்னும் விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருப்பது. அவள் மெல்லச் சொன்ன ஒன்றிரண்டு வார்த்தைகளுக்கும் உடனுக்குடன் பதில் வந்தது. அவரிடம் பயிற்சி எடுத்தவர்கள் சொன்ன அந்த மனிதர் இவர்தான்.

"திண்டுக்கல்லுல எங்கம்மா நீ?"

"பேகம்பூரு சார்."

"அடடே! அங்கன எனக்கு எம்புட்டு பேரு சேக்காளிங்க தெரியுமா? பள்ளிக்கூடத்துல அப்பாஸுன்னு ஒருத்தன், என் கணக்கு நோட்டப் பாத்து எழுதி எனக்கு மேல மார்க்கு வாங்குனவன். நாலு தடவ ஒண்ணா பறந்திருக்கோம், ஒரு தடவையாச்சும் சொன்னியா நீ?"

ஷாஹினா அவரையே பார்த்தாள். நடிக்கிற முகம் இல்லை அது. 'ஏன் முன்னாடியே சொல்லலை' என்று விமானத்தில் கேட்டதும் இதே குரலில்தான்.

பொருட்கள் எப்படி இயங்குகின்றன என்று யோசிக்கப் பழகிய மூளை அவளுடையது. இரண்டு இடத்திலும் அதே இருவர். மாறியது எது? விமானத்தில் அவர் இடப்பக்கம், அவள் வலப்பக்கம். அவருடைய வலது காதுதான் அவளைப் பார்த்திருக்கும். நம் ஊர்க் காரில் ஓட்டுகிறவர் வலப்பக்கம். இப்போது அவள் பக்கம் இருப்பது இடது காது. பயிற்சி கொடுக்கும்போது? பயிற்சியாளர் உட்காருவது வலது இருக்கையில். அங்கேயும் மாணவன் இருப்பது இடது காதுப் பக்கம். ஹெட்செட்டில் வரும் பேச்சு இரண்டு காதுக்கும் போகும், ஆகவே கழற்றக் கூடாது. இன்டர்காம் எப்போதும் திறந்திருக்க வேண்டும். அவர் தலைக்கனம் என்று எல்லோரும் திட்டிய ஒவ்வொன்றும், ஒரு கருவியின் பாகங்கள் போல, ஒன்றோடொன்று பொருந்தி நின்றது.

சின்னாளப்பட்டிப் பிரிவில் டீக்கு நிறுத்தினார். கடை வாசலில் நின்று குடிக்கும்போது ஷாஹினா சுற்றிக்கொண்டு அவருடைய வலப்பக்கம் போய் நின்றாள். சாலையில் வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து, சாதாரணக் குரலில், "சார், உங்க காரு லைட்டு எரியுது" என்றாள்.

அவர் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

இடப்பக்கம் வந்து நின்றாள். அவள் போய் வந்ததையும், அவள் முகத்தையும் பார்த்தவுடன் அவருக்குப் புரிந்துவிட்டது. டம்ளரைப் பலகையில் வைத்தார்.

"எப்பலேருந்து சார்?"

"போன ஐப்பசி. சளியோட பறந்தேன். இறங்கும்போது காதுக்குள்ள பட்டுன்னு ஒரு சத்தம். சளி போனா சரியாப் போகும்னு நெனச்சேன். சரியாகல."

"டாக்டருகிட்ட?"

"சென்னையில காட்டுனா விஷயம் பரவிரும்னு சேலத்துல போயிக் காட்டுனேன். நரம்பு போச்சாம். அதுக்கு முன்னாடியே வருஷாந்திர மெடிக்கல் முடிஞ்சிருச்சு. அடுத்தது வார வரைக்கும் ஓட்டலாம்னு..." நிறுத்தினார். "ஒரு காதுதாம்மா. இன்னொண்ணு கத்தி மாதிரி இருக்கு."

"இன்னைக்கு அம்புட்டு பேரும் பின்னாடி உக்காந்திருந்தாங்க சார்."

"உன் சுவிட்சு நடுவுல இருந்துச்சு" என்றார் அவர். குரலில் கடுமை இல்லை, கெஞ்சலும் இல்லை. "நானும் பாத்தேன். நீ போட மறந்த, எனக்குக் கேக்கல. உன்னோடத நான் சொல்லல. என்னோடத நீ சொல்லாத. பறவையப் பாத்து சரியாத் திருப்புனான்னு எழுதிருவோம். உனக்கு கேப்டன் சீட்டு வரும். நான் சொன்னா வரும்."

ஷாஹினா தன் டம்ளரையும் பலகையில் வைத்தாள். அவர் விடவில்லை.

"நாளைக்கு ஒரு நாளு யோசிச்சுப் பாரு. சுவிட்ச மேலயே வச்சிரு. ரேடியோ பேசுனதும் திரும்ப மேல தூக்குனியான்னு நானும் பாத்துக்கிறேன். ஒண்ணும் ஆகாது. ஆறேழு மாசமா ஆகலையே."

அவளைக் கலக்கியது, அந்த யோசனை வேலை செய்யும் என்பதுதான். ஒரு சுவிட்சை இருவர் கவனித்தால் அது நடுவில் நிற்காது. ஓட்டை எது என்று தெரிந்த இருவர் அந்த அறைக்குள் இருந்தால் போதும். ஆனால் நாளை மறுநாள் அவரோடு ஏறப் போகிறவளுக்கு ஓட்டை இருப்பதே தெரியாது.

"நாளைக்கு நீங்க வரக் கூடாது சார்" என்றாள்.

அவர் காசைக் கொடுத்துவிட்டுக் காரை எடுத்தார். பேகம்பூரில் அவளை இறக்கிவிட்டார்.

வீட்டில் ஃபாரிஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தாடையைத் தடவினான்.

"அப்ப அன்னிக்கு நீ பேகம்பூருன்னு சொன்னது..."

"அவருக்குக் கேக்கவே இல்ல மச்சான்."

"நம்மளும் என்னென்னமோ பேசிட்டோம்." கொஞ்சம் கழித்து, "ஒண்ணு சொல்லவா? நீ சொன்னா அந்தாளு பொழப்பு போகும். உன் சீட்டும் போகும். சொல்லலைன்னா உனக்குத் தூக்கம் போகும். இதுல நான் என்னத்தச் சொல்ல" என்றான்.

காலையில் ரோஸ்டரைத் திறந்தபோது மாலைப் பயணத்தில் வேறொரு கேப்டனின் பெயர் இருந்தது. அவரே ஒதுங்கிக்கொண்டார். இனி அவராகவே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். அப்படி நினைத்துக்கொண்டு மதியச் சோற்றுக்கு ஆணம் வைக்க வெங்காயம் நறுக்க உட்கார்ந்தபோது தமிழ்மதி கூப்பிட்டாள்.

"அக்கா, தப்பிச்சீங்க போங்க! உங்க ஆளு சளின்னு சிக் போட்டுட்டாரு. ரெண்டே நாள்தான். வியாழக்கிழமை எனக்குத்தான் கொச்சி, அவரோட. அங்க வேற மழை பிச்சு எடுக்குதாம். எனக்கு ஒரு டிப்ஸ் குடுங்கக்கா, எப்படிச் சமாளிச்சீங்க?"

"புத்தகத்துல..." என்று தொடங்கிய ஷாஹினாவுக்கு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. "செத்த நேரத்துல கூப்புடுறேன் மதி" என்று வைத்தாள்.

சிவபிரகாஷின் எண்ணுக்கு அடித்தாள். எடுத்தது ஒரு பெண் குரல்.

"அவரு கிணத்துப் பக்கம் மோட்டாரு போடப் போயிருக்காரு. நான் அவரு வீட்டுல, புவனேஸ்வரி. நீங்க?"

"கூடப் பறக்குறேன்க்கா. ஷாஹினா."

"அப்படியாம்மா. இரு, கூப்புடுறேன்." தூரத்தில் அவள் கத்துவது கேட்டது. "என்னங்க! ஏங்க! போனு!" பிறகு பெருமூச்சோடு திரும்பி வந்தாள். "பாத்தியாம்மா, அந்தா நிக்கிறாரு, கேக்காத மாதிரியே நிக்கிறாரு. மழைக் காலத்துலேருந்து இதே கதைதான். பேசிக்கிட்டே இருப்பாரு, திடீர்னு கண்டுக்க மாட்டாரு. என் மேல என்னமோ கோவம். என்ன தப்பு பண்ணுனேன்னு கேட்டாலும் சொல்ல மாட்டேங்குறாரு. வேலை செய்யிற எடத்துல நல்லாப் பேசுறாராம்மா?"

ஷாஹினாவின் நாக்கு நுனியில் அது இருந்தது. ஆனால் அதை இந்தப் பெண்ணிடம் முதலில் சொல்ல வேண்டியவர் தான் இல்லை என்று தோன்றியது.

"போய்க் கையத் தொட்டுக் கூப்புடுங்கக்கா" என்றாள்.

அவர் லைனில் வந்ததும் அவள் சுற்றி வளைக்கவில்லை. "சார், வியாழக்கிழமை கொச்சி."

"தெரியும்மா."

"அந்தப் புள்ளைக்கு எதுவும் தெரியாது."

"சுவிட்சப் போட்டு வைன்னு கண்டிச்சு சொல்லிருவேன்."

"எனக்கும் அப்படித்தான் சார் சொன்னீங்க."

அவர் மோட்டாரை நிறுத்துவது கேட்டது.

"நீங்களே ஆபீசுக்குச் சொல்றீங்களா சார்? மதியத்துக்குள்ள?"

"என் வாயால வராதும்மா" என்றார் கடைசியில். "பதினேழு வயசுலேருந்து எனக்கு வேற எதுவும் தெரியாது. நீ சொல்றதா இருந்தா சொல்லிக்க. ஆனா நான் உன் சுவிட்சப் பத்தியும் சொல்லுவேன். சொல்லாம இருக்க முடியாது, கேப்பாங்க."

"சொல்லுங்க சார். அதுக்கு முன்னாடி அக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க. நீங்க கோவத்துல இருக்கீங்கன்னு நெனச்சிட்டு இருக்காங்க."

"யாரு, புவனாவா?" அவர் குரல் முதல்முறையாகத் தடுமாறியது. "கோவமா? எனக்கா, அவ மேலயா?"

"அவங்களையே கேளுங்க சார்."

வைத்துவிட்டாள். ஃபாரிஸ் மண்டிக்குப் போகச் சட்டை போட்டவன், போகாமல் கதவருகே நின்றிருந்தான். அவள் சென்னை அலுவலகத்தின் எண்ணை எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இப்போதுகூட நிறுத்திவிடலாம், தமிழ்மதியிடம் மட்டும் சொல்லிச் சுவிட்சைக் கவனிக்கச் சொல்லலாம். அப்புறம் அடுத்தவளிடம். அதற்கடுத்தவளிடம்.

"மேடம், நீங்களும் சிக்கா?" என்று சிரித்தார் பணியில் இருந்தவர். "இன்னிக்கு ஆளே இல்ல, கவுத்துறாதீங்க."

"இல்ல. சாயங்காலம் நான் வாரேன். நேத்து மதுரையில இறங்குறதுக்கு முன்னாடி நான் கேப்டன்கிட்டேருந்து கண்ட்ரோல எடுத்தேன். அதச் சொல்லணும்."

சிரிப்பு நின்றது. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "சொல்லுங்க. என்ன ஆச்சு?"

"மதுரைக்குப் பதில் சொல்லிட்டு இன்டர்காம் சுவிட்ச மேல தூக்க மறந்துட்டேன். அது என் தப்பு, மொதல்ல அதக் குறிச்சுக்குங்க" என்றாள் ஷாஹினா. அவர் எழுதி முடிக்கும் வரை காத்திருந்தாள். "அதுக்கப்புறம் ரெண்டு தடவ கத்திச் சொன்னேன். கேப்டனுக்குக் கேக்கல. அவருக்கு வலது காது போன ஐப்பசியிலேருந்தே கேக்காது."